எண்ணைப் பாட்டாக்கும் பெட்டி

வீட்டிலே அமர்ந்து பாட்டுக் கேட்பது ஒரு காலத்தில் மிக எளிய காரியமாக இருந்தது. வானொலிப் பெட்டியின் திருகைத் திருப்பினால் போதும், பாட்டு வந்துவிடும். இன்று பாட்டுக்குப் பஞ்சமில்லை. கைப்பேசியிலும், கணிப்பொறியிலும், டெலிவிஷன் பெட்டியிலும் எந்த வித்துவானை வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் கேட்கலாம். ஆனால், அந்தப் பாட்டை நல்லதொரு ஸ்பீக்கரில் கொண்டுவந்து சேர்க்கும் வழிதான் சற்றுச் சிக்கலாகியிருக்கிறது. அச்சிக்கலை அதிகச் செலவின்றி எவ்வாறு அவிழ்க்கலாம் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

எங்கள் இல்லத்தில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் அலுவல் திருப்பதியில், வீடு சித்தூரில். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 70 கிலோமீட்டர். வாரக் கடைசியில் பஸ் ஏறி அம்மாவைப் பார்க்கச் செல்வது வழக்கம். அந்த வீட்டின் கூடத்தில் ஓர் ஆம்ப்ளிபயரும், மரப்பெட்டியில் அமைந்த இரண்டு ஸ்பீக்கர்களும் உண்டு. 1989ஆம் ஆண்டு தந்தையார் ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையில் தமக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அதுதான். முதலில் அதனோடு காசெட் கருவியை இணைத்திருந்தார். பிறகு பழைய டெலிவிஷன் பெட்டியின் பின்புறமிருந்த சிவப்பு, வெள்ளைத் துளைகளிலிருந்து கம்பி இழுத்து, கச்சேரி ஒளிபரப்புகளையும் அதன் வழியே கேட்டுவந்தார். அவர் காலமான பிறகு அம்மாவும் அவ்வாறே கேட்டுவந்தார்.

பழைய டெலிவிஷன் பழுதாகிப் புதியதொன்று வந்தது. சுவரில் மாட்டும் மெல்லிய பெட்டி. படம் வெகு துலக்கம். ஒலியோ தகரத்தைத் தட்டியது போன்றது. பின்புறத்தில் சிவப்பு வெள்ளைத் துளைகளைக் காணோம். ஆகவே ஆம்ப்ளிபயர் ஊமையாகிவிட்டது. அம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. "பாட்டு காதில் விழுகிறது, சாகித்தியம்தான் புரியவில்லை" என்பார். ஒலியை ஏற்றுவார், ஏற்றினால் இரைச்சல் மிகும், இரைச்சல் தாங்காமல் பெட்டியையே நிறுத்திவிடுவார். "பழையதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, பன்னிரண்டாயிரத்தில் புது ஸ்பீக்கர் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு கடையில் யோசனை கூறினர். அம்மா அதற்கு ஒன்றும் மறுமொழி கூறவில்லை. ஆனால் ஆம்ப்ளிபயரின் மேல் போட்டிருந்த துணியை மட்டும் வாரந்தோறும் துவைத்துப் போட்டுவந்தார். ஆகவே வேறு வழி உண்டா என்று ஆராயத் தலைப்பட்டோம்.

வழி உண்டு. டெலிவிஷனுக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவே தீப்பெட்டி இரண்டை அடுக்கினாற்போன்ற ஒரு சிறு பெட்டியை வைக்கவேண்டும். கடைகளில் அதனை 'டாக்' என்று சொல்லுகிறார்கள். எண்களாக வருவதை ஒலிக்குரிய மின்னலையாக மாற்றிக் கொடுப்பது அதன் தொழில்.

எண் எவ்வாறு ஒலியாகும் என்று நேயர்கள் கேட்கலாம். திருமலைக் கோயிலில் சங்கீர்த்தன பண்டாரம் என்னும் சிற்றறை ஒன்றுண்டு. தாள்ளபாக்கம் அன்னமாசாரியார் 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர். அவர் பாடிய கீர்த்தனங்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பெற்று அவ்வறையில் நெடுங்காலம் கிடந்தன. 1922ஆம் ஆண்டிலேதான் அவை வெளிச்சத்துக்கு வந்தன. அவ்வேடுகளில் பாட்டின் சொற்கள் இருந்தன. இராகத்தின் பெயரும் இருந்தது. ஆனால் பாடும் மெட்டு இல்லை. ஆகவே பிற்கால வித்துவான்கள் புதிதாக மெட்டமைத்த பிறகே அவற்றுள் பலவும் நம் காதுக்கு எட்டின. ஏடு பாடாது; ஏட்டைப் படித்துப் பாடுவோர் ஒருவர் வேண்டும்.

இக்காலத்து ஒலிப்பதிவும் ஒரு வகை ஏடுதான். ஆனால் இது மெட்டையும் குரலையும் விடாமல் குறித்துக்கொள்ளுகிற ஏடு. 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுவோம். பாடகரின் குரல் மைக்கில் பட்டு மின்னலையாக மாறுகிறது. அந்த அலையின் உயரம் ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. இடது பக்கத்துக்கு ஒரு வரிசை, வலது பக்கத்துக்கு ஒரு வரிசை. இவ்வெண்களே தட்டில் உள்ளவை. கைப்பேசியிலும் இணையத்திலும் வரும் பாட்டுக்களும் இவ்வகை எண்களையே பல முறைகளில் சுருக்கி வைத்தவை. ஸ்பீக்கருக்கோ எண் தெரியாது. ஏறி இறங்கும் மின்னலைதான் தெரியும். எண்ணை மீண்டும் அலையாக்குவதே நாம் சொன்ன சிறு பெட்டியின் வேலை.

அளவெடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள இசை தொலைந்துபோகாதா என்ற ஐயம் பலருக்கும் உண்டு. தொலையாது. ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வு எண்ணைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அளவெடுத்துவிட்டால், அந்த அலையை முழுவதுமாகத் திரும்பப் பெறலாம் என்பது கணிதம். 1949ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கட்டுரையில் கிளாட் ஷானன் என்னும் அமெரிக்க அறிஞர் இதனை விளக்கியிருக்கிறார். மனிதக் காதுக்கு எட்டுவது விநாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரையில்தான். வயது ஏற ஏற அவ்வெல்லையும் குறைந்துகொண்டே வரும். ஆகவே 44,100 என்னும் வேகம் போதுமானது.

நாங்கள் மொழிபெயர்ப்புத் தொழிலில் காலம் கழிப்பவர்கள். ஆகையால் இச்சிறு பெட்டியை ஒரு மொழிபெயர்ப்பாளராகவே கருதத் தோன்றுகிறது. மூலத்தில் உள்ளதைக் கூட்டாமலும் குறைக்காமலும் தருபவரே நல்ல மொழிபெயர்ப்பாளர். மூலத்தில் இல்லாத அழகை அவர் சேர்த்தால் அது குற்றம். மூலமே பிழையாக இருப்பின் அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. டாக் பெட்டிக்கும் இதுவே இலக்கணம். இதை மனத்தில் இருத்திக்கொண்டால், வாங்கும்போது வீண் செலவு நேராது.

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைப் பார்ப்போம். முதற் கேள்வி, இப்பெட்டி நமக்கு வேண்டுமா என்பதே. கைப்பேசி, கணிப்பொறி, டெலிவிஷன் ஆகிய ஒவ்வொன்றின் உள்ளும் ஏற்கெனவே ஒரு டாக் உண்டு. இல்லையேல் அவற்றின் சொந்த ஸ்பீக்கர் பேசாது. உங்கள் டெலிவிஷனில் ஹெட்போன் செருகும் துளையோ, சிவப்பு வெள்ளைத் துளைகளோ இருந்தால் முதலில் அங்கிருந்தே ஆம்ப்ளிபயருக்குக் கம்பி இழுத்துப் பாருங்கள். ஒலி தெளிவாக இருக்குமானால் வேறொன்றும் வாங்கத் தேவையில்லை. அத்தகைய துளை இல்லாதபோதும், இருந்தும் அதில் இரைச்சல் கலந்து வரும்போதும்தான் தனிப்பெட்டி தேவைப்படுகிறது.

இரண்டாவது கேள்வி, எண் எந்த வாயிலாக வெளிவருகிறது என்பது. டெலிவிஷன் பெட்டிகளில் பெரும்பாலும் 'ஆப்டிகல்' என்று எழுதிய ஒரு சதுரத் துளை இருக்கும். அதில் எண்கள் ஒளியாக வரும். சிலவற்றில் 'கோஆக்ஸியல்' என்ற வட்டத் துளை இருக்கும். அதில் மின்சாரமாக வரும். கணிப்பொறியில் யு.எஸ்.பி. துளை. வாங்கும் பெட்டியில் அதற்குப் பொருந்தும் வாயில் இருக்கவேண்டும். ஆப்டிகல் மட்டுமே உள்ள பெட்டியைக் கணிப்பொறியின் யு.எஸ்.பி.யுடன் இணைக்க முடியாது. கடைக்குப் புறப்படுமுன் டெலிவிஷனின் பின்புறத்தையும் ஆம்ப்ளிபயரின் பின்புறத்தையும் படம் எடுத்துக்கொண்டு போவது நல்லது. பாதித் தவறுகள் அதனாலேயே நீங்கிவிடும்.

கைப்பேசிக்கு வாங்குவோர் ஒன்று கவனிக்கவேண்டும். யு.எஸ்.பி.-சி துளையிலிருந்து ஹெட்போன் கம்பிக்கு மாற்றும் சிறு வால்கள் இரு வகைப்படும். ஒன்றில் டாக் உள்ளேயே அமைந்திருக்கும். மற்றொன்று வெறும் கம்பி இணைப்பு. பின்னது சில கைப்பேசிகளில் மட்டுமே பேசும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆகையால் டாக் உள்ளதுதானா என்று கேட்டு, கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குக.

மூன்றாவது கேள்வி விலை. டெலிவிஷனுக்குப் பொருந்தும் எளிய பெட்டி சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. பல ஆயிரம் ரூபாய்ப் பெட்டிகளும் இருக்கின்றன. அட்டையின் மேல் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்றெல்லாம் பெரிய எண்களை அச்சடித்திருப்பார்கள். பதிவறையில் வேலை செய்வோருக்கு அவற்றால் பயனுண்டு. கேட்போருக்கு, 16 பிட்டிலேயே மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபெல் வேறுபாடு கிடைத்துவிடுகிறது. தெருவில் ஆட்டோ ஓடும், மேலே மின்விசிறி சுழலும் நம் கூடத்தில் அதில் பாதியைக்கூட நாம் முழுமையாகப் பயன்படுத்துவதில்லை. ஆகவே அந்த எண்களுக்காகப் பணம் கொடுக்க வேண்டாம். மின்சாரம் ஏற்கும் முறை சரியாக இருக்கிறதா, துளைகள் ஆட்டமின்றி உறுதியாக இருக்கின்றனவா, பழுதானால் மாற்றித் தருவார்களா என்பவற்றுக்காகக் கொடுக்கலாம். விலை உயர்ந்த தங்கப்பூச்சுக் கம்பியும் தேவையில்லை. ஓரிரு மீட்டர் தூரத்துக்கு உறுதியான சாதாரணக் கம்பியே போதும்.

இணைக்கும் முறை இனி. முதலில் எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிடுங்கள். ஆப்டிகல் கம்பியின் இரு முனைகளிலும் கண்ணாடி போன்ற சிறு பிளாஸ்டிக் மூடிகள் இருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டுச் செருகவேண்டும். மூடியோடு செருகிவிட்டுப் பெட்டியைப் பழித்தவர் பலர். செருகும்போது சிறு ஓசையுடன் அது பொருந்தவேண்டும். அந்தக் கம்பியை மடித்து ஒடிக்கக் கூடாது. அகன்ற வளைவாக விடுக. பிறகு, டாக் பெட்டியிலிருந்து சிவப்பு முனையை ஆம்ப்ளிபயரின் சிவப்புத் துளையிலும், வெள்ளை முனையை வெள்ளைத் துளையிலும் செருகுக. ஆம்ப்ளிபயரில் ஆக்ஸ், டேப், சி.டி. என்று குறித்த துளைகளுள் எதுவாயினும் சரி. போனோ என்று குறித்ததில் மட்டும் செருகாதீர்கள். அது இசைத்தட்டு முள்ளிலிருந்து வரும் மிக மெல்லிய மின்னலைக்காக அமைந்தது. அதில் செருகினால் ஒலி வெடித்துச் சிதைந்து வரும். மைக் துளையும் அவ்வாறே ஆகாது.

டாக் பெட்டிக்கு 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். அதனைக் கைப்பேசிச் சார்ஜரிலிருந்தோ, டெலிவிஷனின் யு.எஸ்.பி. துளையிலிருந்தோ கொடுக்கலாம். டெலிவிஷனிலிருந்து கொடுத்தால், டெலிவிஷன் நிற்கும்போது பெரும்பாலும் இதுவும் நின்றுவிடும். வயது முதிர்ந்தோருக்கு இன்னொரு சுவிட்சைத் தேடும் தொல்லை இராது. ஆனால் அதில் ஒலியோடு இரைச்சல் கலந்தால், மின்சாரத்தை மட்டும் தனிச் சார்ஜருக்கு மாற்றிப் பாருங்கள். கணிப்பொறியோடு யு.எஸ்.பி. வழியாக இணைத்தவர்களுக்கு ஸ்பீக்கரில் இடைவிடாத 'ம்ம்' என்ற ஒலி கேட்பதுண்டு. இரு கருவிகள் இரு வழியாகத் தரையோடு இணைந்து, அவற்றிடையே சிறு மின்னோட்டம் சுற்றுவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். இரண்டையும் ஒரே பிளக் பலகையிலிருந்து இயக்கிப் பாருங்கள். மூன்று முனைப் பிளக்கின் தரைமுனையை ஒடித்துவிடுவது ஆபத்து. அதனை ஒருபோதும் செய்யாதீர்கள். ஆப்டிகல் வழியில் வருவது வெறும் ஒளியாதலின், அக்கம்பி வாயிலாக இத்தொல்லை வருவதில்லை. கடைசியில் ஆம்ப்ளிபயரின் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு அதனை இயக்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒலி வராமல் போகலாம். எங்களுக்கு அவ்வாறுதான் நேர்ந்தது. திருப்பதியில் ஒரு சிறு கடையில் எண்ணூறு ரூபாய்க்குப் பெட்டி ஒன்று வாங்கிச் சித்தூருக்குக் கொண்டுவந்து இணைத்தோம். ஒலியே இல்லை. ஸ்பீக்கரிலிருந்து இடையிடையே சடசட என்ற இரைச்சல் மட்டும் வந்தது. அடுத்த வாரம் கடைக்குச் சென்று, மட்டமான சரக்கை விற்றதாகக் கடைக்காரரிடம் சற்றுக் கடுமையாகவே பேசினோம். அவர் தம்மிடமிருந்த கருவியில் இணைத்து, அது பாடுவதைக் காட்டினார். அதையும் நம்பாமல், வேறு கடையில் நான்கு மடங்கு விலை கொடுத்து இன்னொரு பெட்டி வாங்கினோம். அதிலும் அதே கதைதான். அம்மா நாற்காலியைக் கூடத்தில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். பிறகு, "போகட்டும் விடப்பா, அவர் காலத்தோடு போயிற்று" என்று எழுந்து உள்ளே சென்றுவிட்டார். அன்று இரவு திருப்பதிக்குத் திரும்பும் பஸ்ஸில் எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

குறை எந்தப் பெட்டியிலும் இல்லை. அலுவலகத்தில் ஓர் இளம் தோழர், "சார், டி.வி.யில் பி.சி.எம். வைத்தீர்களா?" என்று கேட்டார். செய்தி அதுதான். டெலிவிஷன் ஆப்டிகல் வழியாக எண்களை இரு விதமாக அனுப்பும். பி.சி.எம். என்பது நாம் மேலே சொன்ன நேரான அளவு வரிசை. டால்பி டிஜிட்டல் என்பது பல ஸ்பீக்கர்களுக்கான ஒலியைச் சுருக்கிக் கட்டிய மூட்டை. எளிய டாக் பெட்டிகள் பலவற்றுக்கு அந்த மூட்டையை அவிழ்க்கத் தெரியாது. தெலுங்கு மட்டும் அறிந்தவரிடம் தமிழ் ஏட்டைக் கொடுத்துவிட்டுப் படிக்கவில்லையே என்று கோபித்துக்கொண்டது போல் ஆயிற்று எங்கள் செயல். டெலிவிஷனின் ஒலி அமைப்புப் பகுதிக்குள் சென்று, டிஜிட்டல் ஒலி வெளியீடு என்ற இடத்தில் 'ஆட்டோ' என்றிருந்ததைப் 'பி.சி.எம்.' என்று மாற்றினோம். டெலிவிஷனின் சொந்த ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆப்டிகல் என்பதையும் தேர்ந்தெடுத்தோம். மறுகணமே கூடத்தில் தம்பூரா கேட்டது. இதழசைவுக்கும் ஒலிக்கும் பொருத்தம் சிறிது பிசகினால், அதே பகுதியில் ஒலித் தாமதம் என்ற இடத்தில் திருத்திக்கொள்ளலாம்.

அப்புறம் எண்ணூறு ரூபாய்ப் பெட்டியையும் இணைத்துப் பார்த்தோம், அதுவும் பாடிற்று. இரண்டில் எது மேல் என்று அறிய விரும்பி, இரண்டின் ஒலியையும் ஒரே அளவாக வைத்துக்கொண்டு, எது எதுவென்று சொல்லாமல் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். இங்கு ஒலியளவைச் சமமாக்குவது முக்கியம். சற்றே உரத்து ஒலிப்பதுதான் சிறந்தது என்று காது ஏமாந்துவிடும். அம்மாவால் வேறுபாடு சொல்ல முடியவில்லை. முறை மாறி நாங்கள் கேட்டபோது எங்களாலும் முடியவில்லை. விலை உயர்ந்த பெட்டியில் யு.எஸ்.பி. வாயிலும் இருந்தமையால் அதனைத் திருப்பதி அறையில் கணிப்பொறியோடு வைத்துக்கொண்டோம். முதற் கடைக்காரரிடம் சென்று, தவறு எங்களுடையது என்று கூறினோம். அவர் வருத்தப்பட்டுக்கொள்ளவில்லை. "எந்த இடத்தில் மாற்றவேண்டும் சார், சொல்லுங்கள்" என்று கேட்டு, ஒரு சீட்டில் தெலுங்கில் எழுதிக் கல்லாப்பெட்டியின் மேல் ஒட்டிக்கொண்டார். அங்கே வாங்குவோர் இனி எங்களைப்போல் அலைய வேண்டியதில்லை.

டாக் பெட்டியால் ஆகாத காரியம் ஒன்றையும் சொல்லி முடிக்கிறோம். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவர்களின் பெயரைச் சங்கீத அன்பர்கள் அறிவார்கள். 1898ஆம் ஆண்டு புங்கனூரில் பிறந்து, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பயின்று, 1954ஆம் ஆண்டில் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். அவருடைய பழைய கிராமபோன் பாட்டுக்கள் இப்போது எண்களாக்கப்பட்டுக் கிடைக்கின்றன. அவற்றில் ஊசி உராயும் ஓசை இருக்கத்தான் செய்யும். இலட்ச ரூபாய்ப் பெட்டியும் அதனை நீக்காது. மூலத்தில் உள்ளது அது. மிச்சப்படும் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிடலாம். பழைய ஸ்பீக்கரின் கிழிந்த விளிம்பை மாற்றலாம். ஸ்பீக்கரை மூலையிலிருந்து சற்றுத் தள்ளி, கேட்பவரின் காது உயரத்துக்கு வைக்கலாம். இவற்றால் விளையும் வேறுபாடு யார் காதுக்கும் தெரியும்.

அந்தப் பழைய பாட்டு ஒன்றைச் சென்ற மாதம் சித்தூர் வீட்டில் போட்டோம். கரகரப்பினூடே குரல் கம்பீரமாக எழுந்தது. ஒலியை ஏற்று, ஏற்று என்று எப்போதும் சொல்லும் அம்மா அன்று கையை அசைத்தார். "கொஞ்சம் குறைத்து வையப்பா. எல்லாச் சொல்லும் புரிகிறது" என்றார். குறைத்து வைத்தோம். துவைத்து மடித்த துணி ஆம்ப்ளிபயரின் பக்கத்தில் இருந்தது. அன்று இரவு பாட்டு முடிந்த பிறகுதான் அம்மா அதனை எடுத்துப் போர்த்தினார்.